மாத்திரை போட்டா வயிறு எரியுது, நெஞ்சு கரிக்குது: மெடிக்கல் கவுண்டர்ல அடிக்கடி கேக்கற கேள்விகள்

சேலம் அம்மாபேட்டை பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்ல 17 வருஷமா பார்மசிஸ்டா இருக்கேன். காலைல ஷட்டர் தூக்கினதும் வர்றவங்கள்ல ஒருத்தராவது "ஒரு கேஸ் மாத்திரை குடும்மா"ன்னு பத்து ரூபாயை நீட்டுவாங்க. நான் உடனே எடுத்து குடுக்கறதில்ல, "வேற என்ன மாத்திரை போடறீங்க"ன்னு கேப்பேன். சில பேருக்கு கோவம் வந்துடும், பக்கத்து கடைக்கு போயிடுவாங்க. ஆனாலும் கேக்கறதை நான் விடல, ஏன்னா வயித்தை எரிக்கறது பல சமயம் நேத்து சாப்பிட்ட குழம்பு இல்லீங்க, அவங்க சட்டை பாக்கெட்ல இருக்கற இன்னொரு மாத்திரை. அவசரத்துல பாதி பாதியா சொல்லி அனுப்பின பதிலையெல்லாம் இங்க முழுசா எழுதறேன். நான் டாக்டர் கிடையாது, உங்க உடம்பை பார்த்து சொல்ல வேண்டியதை உங்க டாக்டர்தான் சொல்லணும்.

எந்தெந்த மாத்திரைக்கு வயிறு எரியும்?

முதல் இடம் வலி மாத்திரைக்குதான். டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரூபன், நேப்ராக்சன், அப்பறம் இதயத்துக்கு குடுக்கற ஆஸ்பிரின். இதுங்க வயித்துல புண்ணே பண்ணும். அடுத்தது தொண்டைக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டு புண் பண்றது: டாக்சிசைக்ளின், எலும்பு தேய்மானத்துக்கு வாரம் ஒருக்கா போடற அலண்ட்ரோனேட், பொட்டாசியம் மாத்திரை, இரும்பு மாத்திரை. மூணாவது வகை புண்ணெல்லாம் பண்ணாது, ஆனா இரைப்பைக்கு மேல இருக்கற வால்வை தளர்த்தி விட்டுடும், அதனால புளிச்ச தண்ணி மேல ஏறும், எதுக்களிக்கும். சில பிரஷர் மாத்திரை, நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கறது, வீசிங்குக்கு குடுக்கற தியோபிலின் இதெல்லாம் அதுல வரும். சுகருக்கு போடற மெட்பார்மின் தனி ரகம், அது குமட்டும், வயித்தால போகும், ஆனா அல்சர் பண்ணாது.

உங்களுக்கு எரியறது இதுல எந்த வகைன்னு தெரிஞ்சாதான் வழி தெரியும். எல்லாத்துக்கும் ஒரே கேஸ் மாத்திரைன்னு போனா வேலைக்கு ஆகாது.

வலி மாத்திரையை சாப்பிட்டுட்டு போட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?

இதைத்தான் எல்லாரும் நம்பிட்டு இருக்காங்க, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். நம்ம வயித்துக்குள்ள ஊறற அமிலம் இரும்பையே அரிக்கற அளவுக்கு கடுமையானது. அது நம்ம வயித்தையே அரிக்காம இருக்கறதுக்கு காரணம் உள்சுவர் மேல இருக்கற வழவழன்னு ஒரு சளி படலம். அந்த படலத்தை ஊற வைக்கறது, அங்க ரத்த ஓட்டத்தை சரியா வெச்சிருக்கறது எல்லாம் புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருள். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கறதும் இதே குடும்பத்து பொருள்தான். ஆஸ்பிரின் மாதிரி மருந்து இந்த புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே நிறுத்திடுதுன்னு 1971ல ஜான் வேன்னு இங்கிலாந்து விஞ்ஞானி கண்டுபிடிச்சார், அதுக்காக 1982ல நோபல் பரிசு வாங்கினார். அதாவது முட்டி வலியை நிறுத்தற அதே வேலையிலயே வயித்தோட காவலையும் அது எடுத்துடுது.

இப்ப யோசிங்க, மாத்திரை ரத்தத்துல கலந்து போய்தான் இதை பண்ணுதுன்னா, கீழ சாப்பாடு இருந்தா என்ன இல்லாட்டி என்ன? சாப்பிட்டுட்டு போட்டா உடனே வர்ற எரிச்சல், குமட்டல் குறையும், அதனால சாப்பிட்டுட்டே போடுங்க. ஆனா அல்சர் வராதுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. டீயும் பன்னும் சாப்பாடு கிடையாதுங்கறதையும் சேர்த்து சொல்லிடறேன்.

எங்க அப்பா கைத்தறி நெசவு. குழித்தறியில உக்காந்து நாள் முழுக்க மிதிச்சு மிதிச்சு ரெண்டு முட்டியும் போச்சு. தெருமுனையில ஒரு கடையில பேர் எழுதாத சின்ன காகித கவர்ல மடிச்சு நாலு மாத்திரை குடுப்பாங்க, சாயங்காலம் டீயோட ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு ஏழெட்டு மாசம் போட்டிருக்கார். நான் அப்ப டி.பார்ம் ரெண்டாம் வருஷம். வயிறு வலிக்குதுன்னு அவர் ஒரு நாள் கூட சொன்னதில்ல. ஒரு நாள் காலைல தறியில இருந்து எந்திரிச்சவர் அப்படியே கண்ணு இருட்டி சுவத்தை புடிச்சு நின்னார். அம்மா மெதுவா சொன்னாங்க, நாலஞ்சு நாளாவே வெளிக்கு தார் மாதிரி கருப்பா, பிசுபிசுன்னு, ஒரு மாதிரி கெட்ட வாடையோட போகுதாம், சத்து டானிக் குடிக்கறதால இருக்கும்னு விட்டுட்டாங்களாம். ஜி.எச்.ல டெஸ்ட் பார்த்தப்ப ஹீமோகுளோபின் ஆறு சொச்சம். எண்டோஸ்கோப்பில வயித்துல புண், அதுல இருந்து ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க. வலி மாத்திரை வலியையும் மறைக்கும், வயித்துப் புண்ணோட வலியையும் சில பேருக்கு தெரியாம பண்ணிடும், அதனாலதான் வயசானவங்களுக்கு முதல் அறிகுறியே ரத்தக்கசிவா வருது. இதை அன்னைக்கு நான் படிச்ச புத்தகத்துலயும் போட்டிருந்துச்சு, எங்க வீட்லயே நடக்கும்னு தோணல.

அப்ப ஊசியா போட்டுக்கிட்டா வயித்துக்கு பிரச்சனை இல்லையே?

இருக்கு. மேல சொன்ன அதே காரணம்தான், ஊசி, ஆசன வாய்ல வைக்கற மருந்து எல்லாமே ரத்தம் வழியா வயித்துக்கு வந்து சேரும். மேல கோட்டிங் போட்ட ஆஸ்பிரினும் அப்படித்தான். முட்டியில தடவற டைக்ளோபினாக் ஜெல் மட்டும் ரத்தத்துல ரொம்ப கொஞ்சமாதான் சேரும், அதனால முட்டி, கை மூட்டு வலிக்கு முதல்ல ஜெல்லை முயற்சி பண்ணுங்கன்னு நான் சொல்லுவேன்.

யாருக்கெல்லாம் ஆபத்து அதிகம்?

60, 65 வயசு தாண்டினவங்க, ஏற்கனவே அல்சர் வந்தவங்க, ஆஸ்பிரின் இல்லாட்டி குளோபிடோக்ரல், வார்பரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க போடறவங்க, பிரட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு போடறவங்க, மன அழுத்தத்துக்கு எசிடலோபிராம், செர்ட்ராலின் போடறவங்க, தண்ணி அடிக்கறவங்க. இவங்க யாரும் வலி மாத்திரையை கடையில கேட்டு வாங்கவே கூடாது. கட்டாயம் போட்டே ஆகணும்னா டாக்டர் கூடவே வயித்து அமிலத்தை குறைக்கற பான்டோபிரசோல் மாதிரி ஒண்ணு எழுதுவார், அது சும்மா பில்லை ஏத்தறதுக்கு இல்ல, அதை வாங்காம வலி மாத்திரையை மட்டும் வாங்கிட்டு போறவங்களை பார்த்தா எனக்கு பதறுது.

பிரஷர், கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு, இந்த வலி மாத்திரைங்க பிரஷரை ஏத்தும், கிட்னியையும் பாதிக்கும். எட்டோரிகாக்சிப்னு ஒரு வலி மாத்திரை வயித்துக்கு கொஞ்சம் பரவால்ல, ஆனா ஹார்ட் பிரச்சனை இருக்கறவங்களுக்கு ஆகாது. காய்ச்சல்னு வந்து வலி மாத்திரை கேட்டா நான் குடுக்கவே மாட்டேன், டெங்குவா இருந்துட்டா ரத்தக்கசிவை கூட்டிடும், பாராசிட்டமால் மட்டும்தான்.

மாத்திரை நெஞ்சுலயே நிக்கற மாதிரி இருக்கு, எரியுது, என்னது இது?

ஏற்காட்ல எஸ்டேட் வேலை பார்க்கற ஒரு அக்கா. முகப்பருவுக்கு மகளுக்கு எழுதின டாக்சிசைக்ளினை இவங்களும் ஏதோ புண்ணுக்கு நல்லதுன்னு எடுத்து போட்டிருக்காங்க, அதுவே தப்பு, அது வேற கதை. ராத்திரி நல்ல குளிரு, கம்பளிக்குள்ள படுத்தாச்சு, தண்ணி எடுக்க எந்திரிக்க சோம்பல், எச்சியை முழுங்கி மாத்திரையை உள்ள தள்ளிட்டு அப்படியே தூங்கிட்டாங்க. விடியக்காலை நெஞ்சுக்கு நடுவுல கத்தியால கீறற மாதிரி வலி, எச்சி முழுங்கினா கூட உயிர் போகுது. ஹார்ட் அட்டாக்னு பயந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி சேலம் வந்து ஈ.சி.ஜி. எடுத்தா ஈ.சி.ஜி. சுத்தமா இருக்கு. மாத்திரை உணவுக்குழாய்ல பாதி வழியில ஒட்டி, அங்கயே கரைஞ்சு, சுவத்தை வேக வெச்சிருக்கு. ரெண்டு வாரம் கஞ்சியும் மோரும்தான். நெஞ்சு வலின்னதும் ஓடி வந்தாங்க பாருங்க, அது சரியான முடிவு, மாத்திரையாதான் இருக்கும்னு வீட்லயே இருந்துடாதீங்க.

மாத்திரையை நேரா உக்காந்துக்கிட்டோ நின்னுக்கிட்டோ, ஒரு முழு டம்ளர் தண்ணியோட முழுங்குங்க, ஒரு வாய் தண்ணி பத்தாது. முழுங்கினதும் அரை மணி நேரம் படுக்காதீங்க. டாக்சிசைக்ளினை படுக்கப்போற நேரத்துல போடவே போடாதீங்க. அலண்ட்ரோனேட் இன்னும் கறார், காலைல எந்திரிச்சதும் வெறும் வயித்துல, வெறும் தண்ணியோட மட்டும், காபி டீ கூடாது, அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கணும், அது வரைக்கும் சாப்பிடவும் கூடாது. முதுகு வளைஞ்சு நேரா உக்கார முடியாத பாட்டிங்களுக்கு இதை எழுதியிருந்தா டாக்டர்கிட்ட அதை சொல்லுங்க, மாத்தி குடுப்பார்.

மலை ஏறறப்ப பஸ்ல உக்காந்து அந்த வளைவுக்கு நடுவுல மாத்திரை போடறதையும் விடுங்க. வாந்தி வந்தா மாத்திரையும் போச்சு, உணவுக்குழாயும் எரியும்.

பான்டோபிரசோல் போட்டும் எரியுதே?

எப்ப போட்டீங்கன்னுதான் முதல்ல கேப்பேன். பாதி பேர் சாப்பிட்டுட்டு போடறாங்க, இல்ல எரியறப்ப போடறாங்க. ரெண்டுமே சரி இல்ல. பான்டோபிரசோல், ஒமிப்ரசோல், ரபிப்ரசோல் எல்லாம் ஒரே குடும்பம். வயித்துல அமிலத்தை இறைக்கற சின்ன சின்ன பம்பு இருக்கு, அது ஓட ஆரம்பிக்கறப்பதான் இந்த மருந்து போய் அதை பூட்ட முடியும், அந்த பம்பை ஓட வைக்கறது சாப்பாடு. அதனால சாப்பிடறதுக்கு அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் முன்னாடி, வெறும் வயித்துல போடணும். முழு பலன் தெரிய மூணு நாலு நாள் கூட ஆகும். இன்னைக்கு ராத்திரி எரியறதுக்கு இன்னைக்கு ராத்திரி போட்டா அணையற நெருப்பு இல்ல இது. உடனே அடங்க வேணும்னா ஜெலுசில், டைஜின் மாதிரி ஆன்டாசிட் திரவம்தான், அது கொஞ்ச நேரத்துக்கு தாங்கும்.

மாத்திரையை உடைக்காதீங்க, கடிக்காதீங்க, பொடி பண்ணி தேன்ல குழைக்காதீங்க. மேல இருக்கற கோட்டிங்தான் அதை வயித்து அமிலத்துல இருந்து காப்பாத்தி குடலுக்கு கொண்டு போகுது.

தைராய்டு மாத்திரையும் காலைல வெறும் வயித்துல போடறவங்க குழம்பிடறாங்க. தைராக்சினை எந்திரிச்சதும் தண்ணியோட போட்டுடுங்க, மத்த மாத்திரையை எப்ப போடணும்னு டாக்டர்கிட்ட ஒரு தடவை எழுதி வாங்கிக்கோங்க. பான்டோபிரசோல் புதுசா ஆரம்பிச்சா தைராய்டு அளவு மாறலாம், டி.எஸ்.எச்.ங்கற தைராய்டு ரத்த டெஸ்ட் பார்த்துக்கணும். ஆன்டாசிட், கால்சியம், இரும்பு இதெல்லாம் தைராக்சினுக்கு நாலு மணி நேரம் தள்ளித்தான்.

மூணு வருஷமா பான்டோபிரசோலை தினமும் போடறேன், நிறுத்தினா எரியுது. அப்ப வாழ்நாள் முழுக்க போடணுமா?

இந்த கேள்வியை கேட்டு ஒரு அண்ணா கிட்டத்தட்ட அழுதே விட்டார். நிறுத்தினதும் எரியறது நோய் திரும்பி வந்ததாதான் இருக்கணும்னு இல்லீங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு மேல பம்பை பூட்டியே வெச்சிருந்தா, திடீர்னு திறக்கறப்ப வழக்கத்தை விட அதிகமா அமிலம் பாயும், சில வாரத்துல அதுவா அடங்கும். அதனால டாக்டர்கிட்ட சொல்லி அளவை குறைச்சு, ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு ஆக்கி, நடுவுல ஆன்டாசிட் வெச்சுக்கிட்டு மெதுவா இறங்கணும்.

ரொம்ப வருஷம் போட்டா பி12 குறையும், மெக்னீசியம் குறையும். சுகருக்கு மெட்பார்மினும் போடறவங்களுக்கு பி12 ரெண்டு பக்கமும் குறையுது, காலு மதமதப்பு வந்தா எல்லாத்தையும் சுகர் மேலயே போடாம பி12 ஒரு தடவை பாருங்க. அதே சமயம் ஆஸ்பிரின் போடற, அல்சர் வந்த, வயசான ஆளுக்கு இது தினமும் தேவை. அவங்க இதை படிச்சுட்டு நிறுத்திடாதீங்க.

டோம்பெரிடோன் சேர்ந்த கேப்சூலை வருஷக்கணக்கா வாங்கறவங்களும் நிறைய பேர். டோம்பெரிடோன் வாந்திக்கு கொஞ்ச நாள் போடறது, இதயத் துடிப்பை மாத்தற குணம் அதுக்கு இருக்கு, டாக்டர் எழுதின நாளைக்கு மேல போடாதீங்க.

முன்னாடி வயித்து எரிச்சலுக்கு ரானிடிடின் நல்லா கேட்டுச்சே, இப்ப ஏன் டாக்டருங்க எழுத மாட்டேங்கறாங்க?

2019ல அதுல என்.டி.எம்.ஏ.ன்னு புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு இருக்கற ஒரு கலப்பு இருக்கறது தெரிய வந்துச்சு. 2020 ஏப்ரல்ல அமெரிக்கா மார்க்கெட்ல இருந்தே எடுக்க சொல்லிடுச்சு, 2022 செப்டம்பர்ல நம்ம நாட்டு அத்தியாவசிய மருந்து பட்டியல்ல இருந்தும் எடுத்துட்டாங்க. அதே குடும்பத்துல பேமோடிடின் இருக்கு, அதை பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.

இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வெச்சிருக்கு, ஆஸ்பிரின் போட்டா எரியுது, நிறுத்திடட்டுமா?

வேண்டாம். தயவுசெஞ்சு வேண்டாம். எரியுதுன்னு நீங்களா நிறுத்தினா ஸ்டென்ட் அடைச்சுக்கலாம், அது உயிர் போற விஷயம். எழுதின டாக்டர்கிட்ட போய் எரியுதுன்னு சொல்லுங்க, வயித்துக்கு காவல் மாத்திரை சேர்த்து குடுப்பார். குளோபிடோக்ரல் போடறவங்க ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் ரெண்டையும் தானா வாங்கி போடக்கூடாது, குளோபிடோக்ரல் வேலை செய்யறதை அது குறைக்கும், அதுக்கு பெரும்பாலும் பான்டோபிரசோல்தான் எழுதுவாங்க. எண்டோஸ்கோப்பிக்கு போறப்பவும் ஆஸ்பிரினை அவங்க சொன்னா மட்டும்தான் நிறுத்தணும்.

சுகர் மாத்திரை போட்டா வயித்தால போகுதே?

மெட்பார்மின்னா சாப்பாட்டுக்கு நடுவுலயோ முடிச்ச கையோடயோ போடுங்க. ஆரம்பத்துல 500 மில்லிகிராம் ஒரு வேளைன்னு தொடங்கி மெதுவா ஏத்தினா நிறைய பேருக்கு ரெண்டு மூணு வாரத்துல பழகிடும். பழகலன்னா மெதுவா கரையற எஸ்.ஆர். மாத்திரைக்கு மாத்தி தர சொல்லி கேளுங்க, அதை உடைக்காம முழுங்கணும். மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து மாத்திரை குடுக்கற அக்காகிட்ட இதை சொல்லுங்க, வாங்கி டப்பால போட்டு வெச்சுட்டு போடறேன்னு பொய் சொல்லாதீங்க.

மாசமா இருக்கேன், இரும்பு மாத்திரை ஓங்கரிக்குது.

ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுக்கற அந்த சிவப்பு மாத்திரைதானே கண்ணு, தூக்கி போட்டுடாத. வெறும் வயித்துல நல்லா சேரும், ஆனா ஓங்கரிக்குதுன்னா சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு, இல்ல ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம் போட்டுக்கலாம். சும்மா விடறதை விட அது எவ்வளவோ மேல். டீ, காபி, பாலோட போடாத, எலுமிச்சை தண்ணியோட போடு. கால்சியம் மாத்திரையை ரெண்டு மணி நேரம் தள்ளி போடு. போட்டுட்டு உடனே படுக்காத. வெளிக்கு கருப்பா போகும், பயப்படாத, ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு நாத்தத்தோட போனா, தலை சுத்தினா அது இரும்பு இல்ல, உடனே காட்டணும். வலி மாத்திரை எதுவும் டாக்டரை கேக்காம போடவே கூடாது.

பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து எதுக்களிக்குது. ஏற்காட்ல இருக்கற எங்க மாமாவுக்கு வீசிங் மாத்திரை போட்டாலும் அப்படித்தான்.

ஆம்லோடிபின், நிபிடிபின் சில பேருக்கு அந்த வால்வை தளர்த்தும், தியோபிலினும் அப்படித்தான். நீங்களா நிறுத்தாதீங்க, பிரஷர்க்கு வேற எத்தனையோ மாத்திரை இருக்கு, மாத்திக்கலாம். வீசிங்குக்கு இன்ஹேலர் சரியா இழுக்க கத்துக்கிட்டா நிறைய பேருக்கு அந்த மாத்திரையே தேவைப்படாது. இன்னொரு பக்கமும் பாருங்க, எதுக்களிச்சு மேல வர்ற அமிலம் மூச்சுக்குழாய் பக்கம் போனா இருமலும் வீசிங்கும் அதிகமாகும். மாமாவுக்கு ராத்திரி படுத்ததும் இருமல் வருதுன்னா குளிரை மட்டும் குறை சொல்லாதீங்க.

இந்த வகைக்கு படுக்கற முறைதான் பெரிய மருந்து. கட்டில் தலைமாட்டு கால் ரெண்டுக்கும் அடியில செங்கல் வெச்சு ஆறு எட்டு இன்ச் தூக்குங்க, தலையணையை அடுக்கினா கழுத்து மட்டும்தான் மடங்கும், வயிறு அழுந்தும், எரிச்சல் கூடும். இடது பக்கம் சாஞ்சு படுங்க. ராத்திரி சாப்பாடு படுக்கறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே முடியணும். தறி ஓட்டறவங்க, கொலுசு பட்டறையில உக்காந்து வேலை பார்க்கறவங்க பத்தரைக்கு சாப்பிட்டு பதினொண்ணுக்கு படுக்கறாங்க, அது எனக்கும் தெரியும், அப்படின்னா ஏழு மணிக்கு வேலைக்கு நடுவுல நல்லா சாப்பிட்டுட்டு, பத்தரைக்கு லேசா ஏதாவது வெச்சுக்கோங்க.

தட்டுவடை செட் சாப்பிடலாமா?

எரிச்சல் இருக்கறப்ப வேண்டாம், அந்த ரெண்டு சட்னியும் புண்ணு மேல போய் நல்லா எரியும். அடங்கினதும் சாப்பிடலாம். காரம் எரிச்சலை காட்டும், அல்சரை உண்டாக்கறது பெரும்பாலும் காரம் கிடையாது. ஹெலிகோபாக்டர்னு ஒரு கிருமியும் வலி மாத்திரையும்தான் ரெண்டு பெரிய காரணம். ஆஸ்திரேலியாவுல பேரி மார்ஷல்னு டாக்டர், யாரும் நம்பலன்னு 1984ல அந்த கிருமியை தானே குடிச்சு வயித்தை கெடுத்துக்கிட்டு நிரூபிச்சார், ராபின் வாரனும் அவரும் 2005ல நோபல் வாங்கினாங்க. அந்த கிருமியும் இருந்து வலி மாத்திரையும் போட்டா அல்சர் ஆபத்து எகிறும். ரொம்ப நாள் வலி மாத்திரை போட வேண்டியவங்க இந்த டெஸ்ட் வேணுமான்னு டாக்டரை கேளுங்க. மூச்சு டெஸ்ட், மல டெஸ்ட் எடுக்கறதா இருந்தா ரெண்டு வாரம் முன்னாடியே பான்டோபிரசோலை நிறுத்த சொல்லுவாங்க, இல்லன்னா கிருமி இருந்தும் இல்லைன்னு வரும்.

பால், சோடா, ஈனோ, ஆப்ப சோடா?

பால் குடிச்ச உடனே குளுகுளுன்னு இருக்கும், அரை மணி கழிச்சு அமிலத்தை இன்னும் ஊற வைக்கும். கோலி சோடா வயித்தை உப்ப வெச்சு அமிலத்தை மேல தள்ளும், ஏப்பம் வந்ததை குணமாச்சுன்னு நினைச்சுக்கறோம். ஈனோ, ஆப்ப சோடா ரெண்டுலயும் உப்பு சத்து அதிகம், பிரஷர், ஹார்ட், கிட்னி பிரச்சனை இருக்கறவங்க தொடாதீங்க. ஆன்டாசிட்டை சிப்ரோபிளாக்சசின், டாக்சிசைக்ளின், இரும்பு இதுகளோட ஒண்ணா குடிச்சா அந்த மருந்து உடம்புல சேராம அப்படியே போயிடும், அந்த மருந்தை ஆன்டாசிட்டுக்கு குறைஞ்சது ரெண்டு மணி நேரம் முன்னாடியே போட்டுடுங்க. நீர் மோர், சீரகத் தண்ணி ஒத்துக்கிட்டா குடிங்க.

ஒரு "செட்டு மாத்திரை" குடுங்களேன், உடம்பு வலி தாங்கல.

இல்லீங்க. பேர் இல்லாத செட்டுல பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை, ஒரு பாராசிட்டமால், ஒரு கேஸ் மாத்திரை, சில இடத்துல ஸ்டீராய்டு கூட இருக்கும். ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்தா அல்சர் ஆபத்து பல மடங்கு. அசிக்ளோபினாக்கோட பாராசிட்டமால் கலந்த மாத்திரை போட்டுட்டு மேல காய்ச்சலுக்கு தனியா பாராசிட்டமால் 650 போடறவங்க அந்த பாராசிட்டமாலையும் கணக்குல சேர்க்கணும், ஒரு நாளைக்கு நாலு கிராமை எந்த காரணத்துக்கும் தாண்டக்கூடாது, குடிக்கறவங்களுக்கு, லிவர் சரியில்லாதவங்களுக்கு அதை விட ரொம்ப குறைவு. ரெண்டு வலி மாத்திரையை ஒண்ணா போட்டா வலி ரெண்டு மடங்கு குறையாது, புண்ணு மட்டும்தான் கூடும். மூட்டு வலிக்குன்னு லேபிள் இல்லாம விக்கற பொடியும் இதே கதைதான், மூணே நாள்ல அதிசயமா கேட்டுச்சுன்னா உள்ள என்ன கலந்திருக்காங்கன்னு சந்தேகப்படுங்க.

எந்த கடையில வாங்கினாலும் ஸ்ட்ரிப்பா வாங்குங்க, இல்ல வெட்டி குடுத்தா பேரும் தேதியும் இருக்கற பக்கத்தை கேட்டு வாங்குங்க. ஸ்ட்ரிப் மேல சிவப்பு கோடு இருந்தா அது சீட்டு இருந்தாதான் குடுக்க வேண்டிய மருந்து.

ஆடிப் பண்டிகைக்கு விரதம் இருக்கேன், மாத்திரை?

வெறும் வயித்துல வலி மாத்திரை கூடவே கூடாது. சுகர் மாத்திரை போடறவங்க விரதத்துக்கு முன்னாடியே டாக்டரை பாருங்க, கோட்டை மாரியம்மன் கோயில் வரிசையில மயங்கி விழுந்தவங்களை பார்த்திருக்கேன்.

எப்ப கேஸ் மாத்திரையை தேடாம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

தார் மாதிரி கருப்பா போனா, ரத்தமாவோ காபித்தூள் மாதிரியோ வாந்தி எடுத்தா, முழுங்க முடியாம தொண்டையில நின்னா, காரணமே இல்லாம எடை குறைஞ்சா, திடீர்னு வயிறு பலகை மாதிரி இறுகி வலிச்சா. நெஞ்சு எரிச்சலோட வேர்த்து கொட்டி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினா அது கேஸ்னு நினைச்சு சோடா வாங்க போகாதீங்க, 108க்கு போன் பண்ணுங்க. பொம்பளைங்களுக்கும் சுகர்காரங்களுக்கும் ஹார்ட் அட்டாக் வெறும் நெஞ்சு எரிச்சலா மட்டுமே கூட வரும்.

போறப்ப வீட்ல இருக்கற எல்லா மாத்திரையையும், சித்த மருந்து பொடி டப்பா உட்பட, ஒரே பையில போட்டு எடுத்துட்டு போங்க. "வெள்ளையா ஒண்ணு, மஞ்சளா ஒண்ணு"ன்னு சொன்னா எந்த டாக்டராலயும் கண்டுபிடிக்க முடியாது.

உங்க அப்பா இப்ப எப்படி இருக்கார்?

கதையை சொன்னா கடைசியா எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. நல்லா இருக்கார். அரை நாள் தறி, அரை நாள் ரெஸ்ட். முட்டிக்கு சுடுதண்ணி பை, பிசியோதெரபில சொல்லி குடுத்த தொடை பயிற்சி, ரொம்ப முடியலன்னா பாராசிட்டமால். அவரோட மாத்திரை டப்பாவை ஞாயித்துக்கிழமை நானே திறந்து பார்க்கறேன், புதுசா ஏதாவது ஸ்ட்ரிப் இருந்தா "இது யாரு குடுத்ததுப்பா"ன்னு கேப்பேன், "பக்கத்து தறிக்காரர் குடுத்தார் கண்ணு, போடலை, வெச்சிருக்கேன்"னு சொல்லிட்டு கையில எடுத்து குடுப்பார்.